ஒரு வசவும் பதினெட்டு எபிசோடும்

1592 செப்டம்பர் 3ஆம் தேதி, லண்டனில் செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவரின் வீட்டில் நாடகாசிரியர் ராபர்ட் கிரீன் செத்துப்போனார். ஊறவைத்த ஹெரிங் மீனும் ரைன் பக்கத்து திராட்சை மதுவும் அளவு மீறி உள்ளே போனதுதான் காரணம் என்று, அவருக்கு ஆகாதவரான கேப்ரியல் ஹார்வி எழுதிவைத்தார். கிரீன் கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்ட் இரண்டிலும் பட்டம் வாங்கியவர். அதைத் தன் புத்தக முகப்பில் மறக்காமல் போட்டுக்கொள்பவர். சாகும்போது கையில் காசு இல்லை.

அவர் கண்ணை மூடிய சில வாரங்களில் அவர் பெயரில் ஒரு சிறுநூல் கடைக்கு வந்தது. அதில் படித்த நாடகாசிரிய நண்பர்களுக்கு ஒரு கடிதம். நடிகர்களை நம்பாதீர்கள், நாம் எழுதிக்கொடுத்ததைப் பேசிப் பிழைக்கிறவர்கள் அவர்கள் என்று புலம்பிவிட்டு, ஒருவனை மட்டும் குறிவைக்கிறார். நம்முடைய இறகுகளால் தன்னை அழகுபடுத்திக்கொண்ட காக்கை ஒன்று புதிதாகத் தலைதூக்கியிருக்கிறது; நடிகன் தோலுக்குள் புலி நெஞ்சை மூடிவைத்திருக்கிற அது, உங்களில் சிறந்தவனைப் போலத் தானும் வசனம் வெளுத்துக்கட்டலாம் என்று நினைக்கிறது; இந்த நாட்டிலேயே மேடையை உலுக்குகிற ஒரே ஆள் தான்தான் என்று அதற்கு நினைப்பு.

'மேடையை உலுக்குபவன்' என்பது ஆங்கிலத்தில் 'ஷேக்-ஸீன்'. ஷேக்ஸ்பியர் என்ற பெயரை 'ஈட்டியை உலுக்குபவன்' என்று பிரிக்கலாம். ஆகவே யாரைச் சொல்கிறார் என்பதில் அன்றைய லண்டனில் யாருக்கும் ஐயம் இருந்திருக்காது. லண்டன் நாடக உலகில் ஷேக்ஸ்பியரைப் பற்றி அச்சில் வந்த முதல் குறிப்பு இதுதான். உலகம் கொண்டாடும் நாடகாசிரியர் ஆவணத்துக்குள் நுழைவதே ஒரு வசவின் முதுகில் ஏறித்தான்.

424 ஆண்டுகள் கழித்து, 2016 மே 9 அன்று, பிபிசி 2 அந்த வசவையே தலைப்பாக வைத்து ஒரு நகைச்சுவைத் தொடரைத் தொடங்கியது: 'அப்ஸ்டார்ட் க்ரோ'. இதை 'புதுப்பவுசுக் காக்கை' என்று தமிழில் சொல்லலாம். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்று நாம் சொல்லும்போது குரலில் ஏறும் அதே எரிச்சல்தான் அந்த 'அப்ஸ்டார்ட்' என்ற சொல்லிலும் இருக்கிறது. இன்னொன்றாகப் பாவித்துக்கொள்ளும் பறவை என்றதும் நமக்கு மூதுரையின் வான்கோழி நினைவுக்கு வரும். கிரீன் எடுத்தது ஈசாப் கதைக் காக்கையை.

ஷேக்ஸ்பியர் இறந்து 400 ஆண்டு நிறைந்ததை ஒட்டிப் பிபிசி நடத்திய கொண்டாட்டங்களில் இந்தத் தொடரும் ஒன்று. எழுதியவர் பென் எல்டன். ஷேக்ஸ்பியராக டேவிட் மிட்செல். 2016, 2017, 2018 என்று மூன்று சீசன்கள், சீசனுக்கு ஆறு எபிசோட். அதற்கு மேல் கிறிஸ்துமஸ் சிறப்பு எபிசோடுகள் தனி. 2017 கிறிஸ்துமஸில் முதலாம் எலிசபெத் ராணியாக எம்மா தாம்ஸன் வந்துபோனார். பார்வையாளர்களை ஸ்டுடியோவில் உட்காரவைத்து, அவர்கள் சிரிப்பையும் சேர்த்தே படம்பிடிக்கும் பழைய பாணித் தொடர். அந்தப் பாணி செத்துவிட்டது என்று பலரும் பால் ஊற்றிவிட்டிருந்த காலத்தில் வந்தது.

தொடரைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் எல்டனின் பழைய 'பிளாக்ஆடர்' தொடரைத்தான் நினைப்பார்கள். நியாயம்தான். 1986இல் வந்த அதன் இரண்டாம் சீசன் எலிசபெத் காலத்தில்தான் நடந்தது, எல்டன் அதில் ரிச்சர்ட் கர்ட்டிஸுடன் சேர்ந்து எழுதினார். 1999இல் வந்த அதன் சிறப்புப் படம் ஒன்றில் நாயகன் பிளாக்ஆடர் காலத்தில் பின்னோக்கிப் போய், காலின் ஃபர்த் நடித்த ஷேக்ஸ்பியரை முகத்தில் ஒரு குத்து விடுவான், இனி 400 ஆண்டுகளுக்குப் பள்ளிப் பிள்ளைகள் படப்போகும் பாட்டுக்காக. அந்தக் குத்துக்குப் பிராயச்சித்தம்போல எல்டன் பின்னால் இந்தத் தொடரை எழுதினார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

ஆனால் என்னைக் கவர்ந்த தகவல் வேறு. பென் எல்டனின் பெரியப்பா, முதலாம் எலிசபெத்தின் வம்சமான ட்யூடர்கள் ஆண்ட கால வரலாற்றில் இருபதாம் நூற்றாண்டின் பெரும் பெயர்களில் ஒருவரான ஜெஃப்ரி எல்டன். கேம்பிரிட்ஜில் வரலாற்றுத் துறையின் மிக உயர்ந்த பதவியான ரீஜியஸ் பேராசிரியர் இருக்கையில் அமர்ந்தவர். பிராக் நகரில் வளர்ந்த யூதக் குடும்பம் அது. 1939இல் நாஜிகளுக்குத் தப்பி இங்கிலாந்து வந்தது, எஹ்ரன்பெர்க் என்ற குடும்பப் பெயர் எல்டன் என்று மாறியது. வரலாறு என்றால் ஆவணம், ஆவணத்துக்கு வெளியே பேச்சே கிடையாது என்று வாழ்நாள் முழுக்கச் சண்டை போட்டவர் அந்தப் பெரியப்பா. அவருடைய தம்பி மகன் அதே காலத்தை எடுத்துக்கொண்டு கோமாளிக்கூத்து ஆடுகிறார். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் கூத்தின் அடியிலும் ஏதாவது ஒரு பழைய தாள் கிடக்கிறது. தொடரைச் சும்மா பார்த்தாலும் சிரிப்பு வரும். எந்தத் தாள் எங்கே கிடக்கிறது என்று தெரிந்து பார்த்தால் இன்னும் கொஞ்சம் கூட வரும்.

முதலில் கிரீனையே எடுத்துக்கொள்வோம். மார்க் ஹீப் நடிக்கும் கிரீன்தான் தொடரின் வில்லன். காக்கை, காக்கை என்று உதடு சுழித்துப் பேசுவார், வில்லை, அதாவது வில்லியம் ஷேக்ஸ்பியரைக் கவிழ்க்க எந்நேரமும் சதி. நிஜ கிரீன் வசவு அச்சாகும் முன்பே இறந்துவிட்டார் என்பதைத் தொடர் கண்டுகொள்வதில்லை. சரியான முடிவு. எதிரி முதல் காட்சியிலேயே செத்துக் கிடந்தால் மூன்று சீசன் எப்படி ஓடும்?

அந்தச் சிறுநூலை எழுதியதே கிரீன்தானா என்பதும் பழைய சந்தேகம். அதை அச்சுக்குத் தயார் செய்த ஹென்றி செட்டில்தான் பிணத்தின் பெயரில் தன் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிட்டார் என்று அப்போதே பேச்சு. செட்டில் அதே ஆண்டுக் கடைசியில் வேறொரு நூலின் முன்னுரையில் நான் எழுதவில்லை என்று மறுத்து, மன்னிப்பும் கேட்டார். புண்பட்டவர்களில் ஒருவருடைய நடத்தை கண்ணியமானது, தொழிலில் சிறந்தவர், பெரிய மனிதர்கள் பலர் அவருடைய நேர்மைக்குச் சாட்சி சொல்கிறார்கள் என்று எழுதினார். அந்த ஒருவர் ஷேக்ஸ்பியர் என்பது பெரும்பாலோர் முடிவு. 28 வயதில், ஊரிலிருந்து வந்து சில ஆண்டுகளே ஆன ஒரு நடிகனுக்காகச் செல்வாக்குள்ளவர்கள் ஒரு அச்சக்காரரின் கதவைத் தட்டியிருக்கிறார்கள். காக்கை அதற்குள் நல்ல கிளையாகப் பார்த்து உட்கார்ந்துவிட்டது.

வசவுக்குள் இருந்த அந்தப் புலி நெஞ்சும் சும்மா வந்ததல்ல. 'ஆறாம் ஹென்றி' நாடகத்தின் மூன்றாம் பகுதியில், பெண் தோலுக்குள் மூடிய புலி நெஞ்சே என்று யார்க் கோமகன் மார்கரெட் அரசியைச் சபிக்கும் வரி ஒன்று உண்டு. அதில் 'பெண்' என்பதை எடுத்துவிட்டு 'நடிகன்' என்று போட்டார்கள், அவ்வளவுதான். திருடன் என்று ஒருவனைத் திட்டுவதற்கு அவன் வரியையே திருட வேண்டியிருந்தது. இன்னொன்றும் கவனிக்கலாம். ஷேக்ஸ்பியரின் அப்பா ஸ்ட்ராட்ஃபோர்டில் கையுறை தைப்பவர், தோல் பதனிடுபவர். 'தோல்' என்ற சொல்லில் அந்தக் குத்தலும் இருந்ததா என்பதற்கு ஆதாரம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருக்கும் என்று மனசு ஆசைப்படுகிறது.

இந்தச் சண்டையின் மிச்சக் கதை தொடரைவிட ருசியானது. 'ஹாம்லெட்' நாடகத்தில் இளவரசன் ஒஃபீலியாவுக்கு எழுதிய காதல் கடிதத்தைப் பொலோனியஸ் கிழவர் உரக்கப் படிப்பார். அழகுபடுத்தப்பட்ட ஒஃபீலியாவுக்கு என்று ஒரு சொல் வந்ததும் நிறுத்தி, இது மட்டமான பிரயோகம், மகா மட்டம் என்று முகம் சுளிப்பார். கிரீனின் வசவில் இறகுகளால் 'அழகுபடுத்திக்கொண்ட' காக்கைக்குப் போட்டிருந்ததும் அதே ஆங்கிலச் சொல்தான். எட்டு வருஷமாக மனசில் வைத்திருந்து திருப்பி அடித்தார் என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். நிரூபிக்க முடியாது, ஆனால் எழுதுகிறவர்களுக்கு நம்பக் கஷ்டமாக இருக்காது. கிரீன் செத்துப் பதினெட்டு ஆண்டுக்குப் பக்கமாக ஷேக்ஸ்பியர் 'குளிர்காலக் கதை' எழுதினார். அதன் கதை எங்கிருந்து வந்தது? 1588இல் கிரீன் எழுதிய 'பாண்டோஸ்டோ' என்ற உரைநடைக் கதையிலிருந்து. அதில் பொஹீமியா என்று இருந்ததைச் சிசிலியாக்கி, சிசிலி என்று இருந்ததைப் பொஹீமியாவாக்கினார். திட்டியவனிடமிருந்தே கடைசியில் ஒரு பெரிய இறகைப் பிடுங்கிக்கொண்டது காக்கை.

எல்டன் இந்த வசவில் கண்டுபிடித்தது வர்க்கம். அதைத்தான் தொடர் முழுக்க விடாமல் இழுக்கிறார். வில் ஒரு சிறு நகரத்துக் கையுறைக்காரரின் மகன், கல்லூரி வாசல் மிதிக்காதவன், ஊர்க் கொச்சை பேசும் குடும்பம். லண்டனில் கதவைத் திறந்துவிடுகிறவர்கள் எல்லாம் கேம்பிரிட்ஜ் ஆட்கள். எவ்வளவு எழுதினாலும் அவனைப் பந்தியில் உட்காரவைக்க மாட்டார்கள். இந்தப் புலம்பல் வில்லின் வாயிலிருந்து எபிசோடுக்கு ஒரு தரமாவது வரும். பிரிட்டிஷ் பார்வையாளர்கள் இதில் தனியாக ஒரு சிரிப்புச் சிரிப்பார்கள். காரணம், புலம்பும் டேவிட் மிட்செலே கேம்பிரிட்ஜ் பீட்டர்ஹவுஸ் கல்லூரியில் வரலாறு படித்தவர், அங்கே நகைச்சுவைக்குப் பேர்போன ஃபுட்லைட்ஸ் சங்கத்தின் தலைவராகவும் இருந்தவர். கேம்பிரிட்ஜ்காரன் ஒருவன் வழுக்கை விக் வைத்துக்கொண்டு கேம்பிரிட்ஜ்காரர்களைத் திட்டித் தீர்ப்பதுதான் காட்சி.

ஆனால் இந்த வர்க்கப் படத்தில் எல்டன் கொஞ்சம் ஏமாற்றுகிறார். டிம் டௌனி நடிக்கும் கிட் மார்லோ, குடித்துக் கூத்தடித்துத் தோளை நிமிர்த்தி நடக்கும் மேட்டுக்குடிப் பிள்ளையாக வருகிறான். நிஜத்தில் கிறிஸ்டோஃபர் மார்லோ கேன்டர்பரியில் செருப்புத் தைப்பவரின் மகன். ஷேக்ஸ்பியர் பிறந்த அதே 1564இல் பிறந்து, உதவித்தொகையில் கேம்பிரிட்ஜ் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரிக்குப் போனவர். ஒருவர் வீட்டில் கையுறை, இன்னொருவர் வீட்டில் செருப்பு. இருவருக்கும் நடுவே இருந்த வேலி பட்டம், பிறப்பு அல்ல. தொடர் இதைச் சொல்லியிருந்தால் கூர்மை கூடியிருக்கும், சிரிப்பு குறைந்திருக்கும். எல்டன் சிரிப்பைத் தேர்ந்தெடுத்தார்.

மார்லோவை வைத்து அவர் செய்யும் இன்னொரு வேலை அபாரம். ஷேக்ஸ்பியர் நாடகங்களை ஷேக்ஸ்பியர் எழுதவில்லை என்று ஒரு கூட்டம் நூற்றாண்டுகளுக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஃபிரான்சிஸ் பேகன் என்பார்கள், ஆக்ஸ்ஃபோர்டு பிரபு என்பார்கள். அந்தப் பிரபு 1604இலேயே இறந்துவிட்டார், அதற்கப்புறமும் நாடகங்கள் வந்துகொண்டே இருந்தன என்பதெல்லாம் அவர்களுக்குப் பொருட்டில்லை. மார்லோ சாகவில்லை, ஒளிந்திருந்து எழுதி ஷேக்ஸ்பியர் பெயரில் விட்டார் என்று ஒரு கட்சி. எல்டன் அதை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்தார். தொடரில் மார்லோவுக்கு எழுதவே வணங்காது. ஒற்று வேலைக்கும் ஊதாரித்தனத்துக்கும் நடுவே நேரமும் இல்லை. அவன் கேட்கக் கேட்க எழுதிக் கொடுப்பது ஏமாளி வில். கையுறைக்காரன் மகனுக்கு இவ்வளவு அறிவு எப்படி வரும் என்று கேட்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரிந்து இல்லை.

ஒற்று வேலை என்றேனே, அதற்கும் தாள் உண்டு. 1587இல் மார்லோவுக்கு முதுகலைப் பட்டம் தரக் கேம்பிரிட்ஜ் தயங்கியபோது, இவர் அரசிக்கு நல்ல சேவை செய்திருக்கிறார், தடுக்காதீர்கள் என்று அரசவையிலிருந்து கடிதம் போனது. 1593 மே 30 அன்று டெப்ட்ஃபோர்டில் எலினார் புல் என்பவரின் வீட்டில், பணக்கணக்குத் தகராறில் இங்கிரம் ஃபிரைசர் குத்தி மார்லோ இறந்ததாக விசாரணை அறிக்கை சொல்கிறது. அந்த அறிக்கை 1925 வரை யார் கண்ணிலும் படாமல் ஆவணக் காப்பகத்தில் கிடந்தது. தொடரில் மார்லோவையும் சாகவிடவில்லை எல்டன். 1592, 1593 இரண்டையும் தாண்டி எதிரியும் நண்பனும் உயிரோடு திரிகிறார்கள்.

இனி ஸ்ட்ராட்ஃபோர்டு வீடு. தொடரின் உயிர் அங்கேதான் என்பேன். ஒவ்வொரு எபிசோடின் முடிவிலும் வில்லும் மனைவி ஆனும் அடுப்புக் கணப்புக்கு முன்னால் உட்கார்ந்து புகைக்குழாய் பிடித்தபடி நடந்ததை அலசுவார்கள். லைசா டார்பக் நடிக்கும் ஆனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் நாடகத்தில் எங்கே சனங்கள் தூங்குவார்கள் என்று தெரியும். தாலி கட்டியபோது அவளுக்கு 26, அவனுக்கு 18. 1582 நவம்பரில் கல்யாணம், 1583 மே 26 மூத்தவள் சூசனாவுக்கு ஞானஸ்நானம். ஆறு மாதம்! கூட்டிக் கழித்துப் பார்த்து ஸ்ட்ராட்ஃபோர்டே சிரித்திருக்கும்.

ஹாரி என்ஃபீல்ட் நடிக்கும் அப்பா ஜான், கொஞ்சம் கோல்மால் பேர்வழியாக, குடும்ப கௌரவத்தைத் திரும்பப் பிடிக்க மகனை நச்சரிப்பவராக வருகிறார். கற்பனை என்று நினைத்தால் தப்பு. நிஜ ஜான் ஷேக்ஸ்பியர் 1552இல் ஹென்லி தெருவில் அனுமதியில்லாமல் குப்பைமேடு போட்டதற்கு ஒரு ஷில்லிங் அபராதம் கட்டியவர். 1568இல் அதே ஊரின் தலைவர். 1570களில் சட்டவிரோதக் கம்பளி வியாபாரம், அநியாய வட்டி என்று வழக்குகள், அப்புறம் சரிவு. கடைசியில் 1596இல் குடும்பத்துக்கு இலச்சினை கிடைத்தது. 'உரிமை இல்லாமல் இல்லை' என்பது அதற்கு முழக்கம். மூன்றாண்டு கழித்துப் பென் ஜான்ஸன் தன் நாடகமொன்றில், பட்டிக்காட்டான் ஒருவன் இலச்சினை வாங்க, அதற்கு 'கடுகு இல்லாமல் இல்லை' என்று முழக்கம் வைக்கும்படி கேலி செய்தார். புதுப்பவுசு என்ற பட்டம் லேசில் விடுகிறதா?

வில்லின் பயணப் புலம்பல்தான் தொடரின் மிகப் பிரபலமான பல்லவி. லண்டனிலிருந்து வீட்டுக்கு வந்ததும் தொப்பியைக் கழற்றாமலே ஆரம்பித்துவிடுவான்: வண்டி தாமதம், வழியில் நிறுத்தம், காரணம் கேட்டால் மழுப்பல், பக்கத்து இருக்கைக்காரன் தின்கிற தீனி. இன்றைய பிரிட்டிஷ் ரயில் பயணியின் வயிற்றெரிச்சல் அப்படியே. ஆனால் 1590களில் அந்தத் தடத்தில் பொது வண்டி கிடையாது. ஏறக்குறைய 160 கிலோமீட்டர், குதிரையில் போனால் இரண்டு மூன்று நாள், நடந்தால் நாலு நாள். சாமானும் கடிதமும் வில்லியம் கிரீனவே என்ற ஸ்ட்ராட்ஃபோர்டு சுமைக்காரரின் பொதிகுதிரைகளில் போகும். அவர் ஷேக்ஸ்பியர் குடும்பத்துக்குத் தெருக்காரர். அந்தக் கடிதப் போக்குவரத்தில் ஷேக்ஸ்பியருக்கு எழுதப்பட்டு இன்றுவரை தப்பியிருப்பது ஒரே ஒரு கடிதம். 1598 அக்டோபர் 25 தேதியிட்டு, லண்டனில் தங்கியிருந்த ஊர்க்காரர் ரிச்சர்ட் குவைனி எழுதியது. விஷயம்: 30 பவுண்டு கடன் வேண்டும். கடிதம் குவைனியின் காகிதங்களோடேயே கிடைத்ததால் அது அனுப்பப்படவே இல்லை என்று தெரிகிறது. மகாகவிக்கு எழுதி மிஞ்சிய ஒரே கடிதம் கடன் கேட்டு, அதுவும் கைக்குப் போய்ச் சேராமல். எல்டன் எழுதியிருந்தால்கூட மிகை என்று சொல்லியிருப்போம்.

வீடு வாங்கும் ஆசையை வைத்து முதல் சீசனில் ஒரு எபிசோட் வருகிறது. ஸ்ட்ராட்ஃபோர்டின் இரண்டாவது பெரிய வீடான நியூ பிளேஸை வில் வாங்கத் துடிக்க, ஸ்காட்லாந்துக்காரன் ஒருவன் போட்டிக்கு வர, குடும்பமே கத்தியைத் தீட்டச் சொல்ல, பார்த்தால் 'மேக்பெத்' கதை. அந்த வீட்டை நிஜ ஷேக்ஸ்பியர் 1597இல் வாங்கினார், பத்திரத்தில் 60 பவுண்டு. கொலை எதுவும் இல்லாமல்தான். ஆனால் 1759இல் அந்த இடத்துக்குச் சொந்தக்காரரான ஃபிரான்சிஸ் காஸ்ட்ரெல் என்ற பாதிரியார், வரியும் சுற்றுலாக்காரர் தொல்லையும் தாங்காமல் அங்கிருந்த வீட்டை இடித்தே போட்டார். அதற்கு முன்பே கவிஞர் நட்டதாகச் சொல்லப்பட்ட மல்பெரி மரத்தையும் வெட்டிவிட்டிருந்தார்.

தொடர் இயங்கும் வழி பெரும்பாலும் இதுதான். வில்லின் வாழ்க்கையில் ஏதோ குளறுபடி நடக்கும். அது ஒரு நாடகமாக வரும் என்று வீட்டுக்காரி மகள் கேட் அல்லது வேலைக்காரன் பாட்டம் ஜாடை காட்டுவார்கள். வில்லுக்குக் கடைசியில்தான் உறைக்கும், உறைத்ததும் எல்லாம் தன் மூளை என்பான். இதற்கு நடுவே எல்டன் எலிசபெத் காலத்து மொழி என்ற பெயரில் தானாகவே வார்த்தைகளை அடித்துவிடுவார். அந்தக் காலத்துப் புடைத்த அரைக்கால் சட்டைக்கு அவர் வைத்த பேர் 'பஃப்லிங் பேன்ட்ஸ்'. முதலில் சிரிப்பு வரும், மூன்றாம் சீசனில் கொஞ்சம் அலுக்கும்.

கேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜெம்மா வீலன் நடிக்கும் இவள், லண்டனில் வில் தங்கும் வீட்டுக்காரியின் மகள். வில்லைவிட நன்றாகப் படித்தவள், நடிகை ஆக ஆசை. பெண் மேடையேறுவதா என்று எல்லாரும் வாயைப் பிளப்பார்கள். இங்கிலாந்தின் பொது மேடையில் தொழில்முறை நடிகை ஏறியது 1660 டிசம்பரில்தான், ஒதெல்லோவின் டெஸ்டிமோனாவாக. அதற்குள் ஷேக்ஸ்பியர் இறந்து 44 ஆண்டு ஆகிவிட்டது. வீட்டுக்காரி மகள் என்ற அமைப்புக்கும் ஒரு வழக்குக் கட்டு உண்டு. 1604 வாக்கில் ஷேக்ஸ்பியர் சில்வர் தெருவில் மௌன்ட்ஜாய் என்ற பிரெஞ்சுக் குடும்பத்தில் வாடகைக்கு இருந்தார். பெண்களின் தலையலங்காரம் செய்யும் தொழில் அவர்களுடையது. அந்த வீட்டுப் பெண்ணைத் தொழில் பழகும் பையனுக்குக் கட்டிவைக்க, பேசிச் சம்மதிக்க வைத்தவர் சாட்சாத் ஷேக்ஸ்பியர். மாமனார் சொன்ன சீதனத்தைத் தரவில்லை என்று மருமகன் வழக்குப் போட, 1612இல் ஷேக்ஸ்பியர் சாட்சிக் கூண்டேறினார். எவ்வளவு பேசினீர்கள் என்று கேட்டால், நினைவில்லை என்றார்! காதலர்களைச் சேர்த்துவைத்தே பேர் வாங்கியவர் தரகராக மாட்டிக்கொண்டு முழித்த அந்தச் சாட்சியத்தில் அவர் கையெழுத்து இருக்கிறது. அவருடையது என்று உறுதியாகத் தெரிந்த ஆறு கையெழுத்துகளில் ஒன்று. ஆறில் ஒன்றிலும் இன்று நாம் எழுதும் எழுத்துக்கூட்டல் இல்லை.

நாடகக் குழுவில் என்னை இழுப்பது ஸ்பென்சர் ஜோன்ஸ் நடிக்கும் கெம்ப். இன்றைய பிரிட்டிஷ் நகைச்சுவை நடிகர் ரிக்கி ஜெர்வைஸின் குரலையும் இளிப்பையும் அப்படியே கொண்டுவந்து, நகைச்சுவையை நான்தான் புதிதாகக் கண்டுபிடித்தேன் என்று அலட்டுவான். வில் கெம்ப் நிஜ ஆள், அந்தக் காலத்தின் நட்சத்திரக் கோமாளி. 'ரோமியோ ஜூலியட்' நாடகத்தின் 1599 அச்சில் வேலைக்காரன் பீட்டர் நுழைகிறான் என்று வர வேண்டிய இடத்தில் 'வில் கெம்ப் நுழைகிறார்' என்றே இருக்கிறது. எழுதும்போதே யார் நடிப்பார் என்று மனசில் பார்த்து எழுதிய கை நழுவிய இடம் அது. கெம்ப் 1599 வாக்கில் குழுவை விட்டுப் போனார். 1600இல் லண்டனிலிருந்து நார்விச் வரை மாரிஸ் என்ற நாட்டுப்புற நடனம் ஆடிக்கொண்டே போய் அதையும் புத்தகமாகப் போட்டார். கோமாளிகள் எழுதிக் கொடுத்ததற்கு மேல் பேசக் கூடாது என்று ஹாம்லெட் நடிகர்களுக்குச் சொல்லும் அறிவுரை இவருக்காகத்தான் என்பது பழைய ஊகம். அதே குழுவில் பெண் வேடம் கட்டும் வெகுளியாக வருகிற காண்டெல், நிஜத்தில் நாம் எல்லாரும் கும்பிட வேண்டிய ஆள். அவரும் ஜான் ஹெமிங்ஸும் சேர்ந்து 1623இல் 36 நாடகங்களைத் தொகுத்து அச்சடித்திராவிட்டால் மேக்பெத்தும் இல்லை, குளிர்காலக் கதையும் இல்லை. 18 நாடகங்கள் அதற்கு முன் அச்சேறவே இல்லை.

2020 பிப்ரவரியில் தொடர் லண்டன் கீல்குட் அரங்கில் மேடை நாடகமானது. மார்ச் நடுவில் கொரோனா வந்து லண்டன் அரங்குகள் அத்தனையும் பூட்டின. எல்டன் அதையும் விடவில்லை. அந்த டிசம்பரில் வந்த சிறப்பு எபிசோடின் பெயர் 'லாக்டவுன் கிறிஸ்துமஸ் 1603'. வில்லும் கேட்டும் மட்டும், கொள்ளைநோய்க்குப் பயந்து வீட்டுக்குள். 1603இல் லண்டனில் சுமார் 30,000 பேர் பிளேக்கில் இறந்தார்கள், அரங்குகள் அடுத்த ஆண்டுதான் திறந்தன. ஷேக்ஸ்பியரின் தொழில் வாழ்க்கையே இப்படிப் பூட்டுக்கும் திறப்புக்கும் நடுவே ஓடியதுதான். கிரீன் இறந்த 1592இலும் அரங்குகள் பூட்டித்தான் கிடந்தன. மேடை நாடகம் 2022இல் அப்பல்லோ அரங்கில் திரும்ப வந்தது.

மூன்றாம் சீசனின் கடைசி எபிசோடைத் தனியாக வைக்க வேண்டும். லண்டன் நாடக விருது விழாவைக் கிண்டலடித்துத் தொடங்குகிறது, வழக்கமான கூத்து. வில்லுக்குப் பரிசு மேல் கண். பிறகு வீட்டுக்கு வருகிறான். மகன் ஹாம்னெட் இறந்துவிட்டான். ஸ்டுடியோ சிரிப்பு நின்றுபோகிறது. அதே அடுப்புக் கணப்பு, அதே இரண்டு பேர். சிரிக்கவைக்கும் தொடர்கள் கடைசியில் அழவைப்பது புதிதல்ல, போர்முனையில் முடியும் பிளாக்ஆடரில் எல்டனே அதைச் செய்து பேர் வாங்கியவர். ஆனால் இங்கே அவர் எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. அதே 2018இல் அவர் திரைக்கதை எழுதி, கென்னத் பிரானா இயக்கி நடித்த 'ஆல் இஸ் ட்ரூ' படமும் இந்த ஒரு சாவைத்தான் சுற்றிச் சுற்றி வந்தது.

'ஜான் மன்னன்' நாடகத்தில் மகனைப் பறிகொடுத்த கான்ஸ்டன்ஸ் பேசுவாள்: இல்லாத என் பிள்ளையின் அறையைத் துயரம் நிரப்பியிருக்கிறது, அவன் கட்டிலில் படுத்திருக்கிறது, என்னோடு மேலும் கீழும் நடக்கிறது. ஹாம்னெட்டுக்கான அழுகை இது என்று படிக்கிறவர்கள் பலர். பையன் சாகும் முன்பே அந்த நாடகம் எழுதப்பட்டிருக்கலாம் என்று தேதி பார்க்கிற ஆய்வாளர்கள் சொல்வார்கள். தகப்பன் என்ன எழுதினான், எப்போது எழுதினான் என்று அடித்துச் சொல்லும் தாள் எதுவும் இல்லை. ஸ்ட்ராட்ஃபோர்டு ஹோலி ட்ரினிட்டி தேவாலயத்தின் அடக்கப் பதிவேட்டில் 1596 ஆகஸ்ட் 11ஆம் தேதிக்கு நேரே லத்தீனும் ஆங்கிலமுமாக ஒரு வரி இருக்கிறது: ஹாம்னெட், வில்லியம் ஷேக்ஸ்பியரின் மகன். பதினொரு வயது. இரட்டையில் கூடப் பிறந்தவள் ஜூடித் 77 வயது வரை இருந்தாள்.